சின்ன ஃப்ளிப் போனோடு 23 நாள்: இதை மட்டுமே வைத்துக் காலம் தள்ள முடியுமா?

மூடிவை எழுதியது:

டச் போனை மேசை டிராயரில் போட்டுவிட்டு சின்ன ஃப்ளிப் போனுக்கு மாறி இன்றோடு 23 நாள். போன் போதையை ஒழிக்கிறேன் என்ற சபதமெல்லாம் கிடையாது. பழையது கீழே விழுந்து திரை சிலந்தி வலை மாதிரி விரிந்துவிட்டது, அது சரியாகி வரும்வரை கையில் ஏதாவது இருக்கட்டும் என்று இதை வாங்கினேன், அப்புறம் அது சரியாகி வந்தும் சிம்மைத் திரும்ப மாற்ற மனம் வரவில்லை. அவ்வளவுதான் கதை.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். எடை. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 112 கிராம். பழையது உறையோடு 231. சட்டைப் பையில் போட்டால் பை தொங்குவதில்லை, குனிந்தால் நழுவி விழுவதில்லை. முதல் வாரம் முழுக்க போன் இருக்கிறதா, எங்கேயாவது விட்டுவிட்டேனா என்று நாளைக்குப் பத்து தடவை பையைத் தடவிக்கொண்டே இருந்தேன். மூடினால் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது. திறந்தால் மேல்பாதி காதில், கீழ்ப்பாதி வாயருகே என்று முகத்தோடு வளைந்து உட்காருகிறது, அதனாலோ என்னவோ என் குரல் முன்னைவிடத் தெளிவாகக் கேட்கிறது என்கிறார்கள். பேசி முடித்ததும் டப்பென்று மூடுகிறேன் பாருங்கள், அந்தச் சத்தத்துக்காகவே சில பேச்சுகளைச் சீக்கிரம் முடிக்கிறேன். சார்ஜ் நாலாவது நாள்தான் போட வேண்டியிருக்கிறது.

இனி புலம்பல். தமிழில் எஸ்எம்எஸ் அனுப்பினால் இரண்டாக மூன்றாக உடைந்து போகிறது, அதுவும் சில சமயம் பின்பாதி முதலில் போய்ச் சேர்ந்து, "இல்லையென்றால் நாளைக்கு வருகிறேன்" என்பதை மட்டும் படித்துவிட்டு நண்பர் பதறிக் கூப்பிடுகிறார். அவ்வளவு பெரிய செய்தி ஒன்றும் இல்லை, நாலு வரிதான். முகவரிப் பட்டியலை மாற்றியபோது தமிழில் இருந்த பெயர்களெல்லாம் சமக்குறியும் எண்ணுமாகக் குப்பையாக வந்துவிட்டன, யார் யாரென்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறேன். அலுவலகக் கணக்கில் நுழைய ஒரு செயலியில் 'ஆம்' என்று அழுத்த வேண்டும், அதற்காக டிராயரைத் திறக்க வேண்டியிருக்கிறது. வீட்டு வாட்ஸ்அப் குழுவில் என்ன நடக்கிறதென்றே தெரியவில்லை (இது புலம்பலா சந்தோஷமா என்று இன்னும் முடிவாகவில்லை).

இதையெல்லாம்விட ஒன்றுதான் உண்மையில் உறுத்துகிறது. சிக்னல் கோடு நன்றாகத்தான் காட்டுகிறது, ஆனால் வீட்டுக்குள் இருக்கும்போது கூப்பிட்டவர்களில் பாதிப் பேர் "உன் போன் ஸ்விட்ச் ஆஃப் என்று வருகிறதே" என்கிறார்கள். என் பக்கம் மிஸ்டு கால்கூடப் பதிவாவதில்லை. பேசுவதற்கென்றே இருக்கிற போனில் அழைப்பு வரவில்லையென்றால் அப்புறம் எதற்கு?

ஒரு வருடத்துக்கு மேல் இப்படி ஓட்டியவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். இதை ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள முடியுமா, இல்லை இரண்டு போனும் வேண்டுமா?

ராத்திரிஷிப்ட் எழுதியது:

நாலு வருடமாக ஃப்ளிப்தான். உங்கள் கடைசிப் பிரச்சினையை முதலில் பார்ப்போம், மற்றதெல்லாம் பழகிவிடும், இது பழகாது.

ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து யாருக்காவது கூப்பிடுங்கள், பேச ஆரம்பித்ததும் போனைக் காதிலிருந்து எடுத்து சிக்னல் குறியைப் பாருங்கள். 4ஜி என்று இருந்தது அப்படியே இருக்கிறதா, இல்லை 3ஜி, 2ஜி என்று இறங்கிவிடுகிறதா? இறங்கினால் உங்கள் போன் 4ஜி-யை இணையத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, பேச்சுக்குப் பழைய வலையைத் தேடிப் போகிறது என்று அர்த்தம். 4ஜி-யிலேயே குரலும் போவதைத்தான் வோல்ட்டி என்கிறார்கள். பெட்டியில் 4ஜி என்று அச்சடித்திருப்பதால் வோல்ட்டியும் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. போனில் வசதி இருந்தும் உங்கள் சிம் நிறுவனம் அந்த மாடலை ஏற்காமல் இருக்கலாம், அல்லது செட்டிங்ஸில் அது அணைந்தே கிடக்கலாம். இதற்கு நடுவில் பல நாடுகளில் 3ஜி-யை மூடிவிட்டார்கள், அமெரிக்காவில் பெரிய நிறுவனங்கள் 2022-லேயே முடித்துவிட்டன. இறங்கிப் போக வலையே இல்லாத இடத்தில் அழைப்பு உங்களிடம் எப்படி வரும்? கூப்பிடுகிறவருக்கு ஸ்விட்ச் ஆஃப் என்றுதான் கேட்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. சாதாரண அழைப்பு 4ஜி-யில் போகும், அவசர எண்ணுக்குக் கூப்பிட்டால் மட்டும் 3ஜி-யைத் தேடும், அப்படியும் போன்கள் இருந்தன. 2024-ல் ஆஸ்திரேலியாவில் 3ஜி-யை நிறுத்தியபோது இந்த மாதிரிப் போன்களைத் தங்கள் வலையில் விடவே கூடாது என்று நிறுவனங்களுக்கு விதி போட்டார்கள். வெளியூரிலிருந்து யாரோ வாங்கிக் கொடுத்த மாடல், பழைய பெட்டியிலிருந்து எடுத்த மாடல் என்றால் இதையெல்லாம் பார்த்துவிட்டு நம்புங்கள்.

சரி, ஒன்றா இரண்டா என்ற கேள்வி. என்னிடம் சிம் உள்ள போன் ஒன்றுதான், அது ஃப்ளிப். பழைய டச் போன் சிம் இல்லாமல் வீட்டு வைஃபையில் அலமாரி மேல் நிற்கிறது, சார்ஜர் வயரோடேயே, அந்தக் காலத்து லேண்ட்லைன் மாதிரி. அதில் வாட்ஸ்அப்பை ஃப்ளிப்பில் இருக்கும் எண்ணிலேயே பதிந்து வைத்திருக்கிறேன். பதியும்போது ஓடிபி ஃப்ளிப்புக்கு வரும், அதை அங்கே தட்டினால் முடிந்தது. கணினியிலும் இணைத்துக்கொண்டால் வேலை நேரத்தில் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும் மறக்கக் கூடாது: அலமாரிப் போனை 14 நாளுக்கு மேல் திறக்காமல் விட்டால் கணினியில் இருக்கும் இணைப்பு தானாக அறுந்துவிடும். நான் ஞாயிற்றுக்கிழமை தூசி தட்டும்போது அதையும் ஒரு தட்டு தட்டிவிடுவேன்.

ஃப்ளிப்பிலேயே வாட்ஸ்அப் ஓடும் என்று பழைய விமர்சனங்களில் படித்துவிட்டு யாரும் வாங்கிவிட வேண்டாம். கைஓஎஸ் என்ற இயங்குதளத்தில் ஓடிய காலம் ஒன்று இருந்தது உண்மை, 2024 நடுவிலேயே புதிதாக இறக்குவதை நிறுத்திவிட்டார்கள்.

அலுவலகச் செயலியைப் பொறுத்தவரை, கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் 'ஆம்' அழுத்துவதற்குப் பதிலாக 30 வினாடிக்கு ஒருமுறை மாறும் ஆறு இலக்க எண்ணையும் ஏற்றுக்கொள்வார்கள். அந்த எண் எங்கிருந்தும் வருவதில்லை, ஒரு ரகசியக் குறியையும் கடிகாரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு அங்கேயே உண்டாவது. போன்தான் வேண்டும் என்று இல்லை, கணினியில் ஒரு சின்ன நிரலே போதும். இல்லையென்றால் சாவிக்கொத்தில் மாட்டுகிற கருவி கொடுப்பார்கள். கேட்காதவரை கொடுக்க மாட்டார்கள், அது வேறு விஷயம்.

நொச்சி எழுதியது:

மாற்றுக் கருத்து ஒன்றும் இருக்கட்டும் என்று எழுதுகிறேன். அஞ்சு மாதம் இருந்தேன், திரும்பிவிட்டேன்.

எனக்கு ஒரு குறையும் இல்லை. நன்றாகத் தூங்கினேன், பேருந்தில் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன், எல்லாம் சரி. ஆனால் ஒரு நாள் அக்கா சொன்னாள், "உனக்கு விடுதலை, எனக்குத்தான் வேலை." யோசித்துப் பார்த்தால் உண்மை. குழுவில் வந்த கூட்ட நேரத்தை எனக்குத் தனியாகப் போன் செய்து சொல்வது அவள். வெளியே போனால் வழி பார்ப்பது அவள். கியூஆர் குறி எங்கே ஒட்டியிருந்தாலும் ஸ்கேன் செய்வது அவள். நான் எடுக்காத படங்களை எடுத்து எனக்கு மெயிலில் அனுப்புவதும் அவள். என் போன் 110 கிராம் குறைந்தது, அந்த 110 கிராமும் அவள் பையில் ஏறியது.

தனியாக இருப்பவர், எல்லாவற்றையும் கணினியில் தானே பார்த்துக்கொள்பவர் என்றால் தாராளமாக இருங்கள். பக்கத்தில் ஒரு ஆள் இருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ராத்திரிஷிப்ட் எழுதியது:

நொச்சி சொல்வதை மறுக்க முடியவில்லை. வழி பார்ப்பதற்கு நான் கிளம்புவதற்கு முன் கணினியில் வரைபடத்தைப் பார்த்து ஒரு துண்டுச்சீட்டில் எழுதிக்கொள்வேன், மூன்று திருப்பம், ஒரு அடையாளம். வழி தப்பினால் மனிதர்களிடம் கேட்பேன். ஆனால் அதுவும் மற்றவர் நேரம்தானே என்று நீங்கள் சொன்னால் பதில் இல்லை.

கீல்பழுது எழுதியது:

போன் ரிப்பேர் என் தொழில், அதனால் யாரும் கேட்காததைச் சொல்கிறேன். மூடிவை, "டப்பென்று மூடுகிறேன்" என்று ஆசையாக எழுதியிருக்கிறீர்கள். மூடுங்கள், தப்பில்லை. ஆனால் ஒற்றைக் கட்டைவிரலால் மூடியைச் சுண்டித் திறக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள்.

காரணம் இதுதான். மேல்பாதியில் உள்திரை, வெளித்திரை, காது ஸ்பீக்கர் எல்லாம் இருக்கின்றன, மதர்போர்டு கீழே பட்டன் பக்கம். இரண்டுக்கும் இடையே போகிற ஒரே பாலம் கீலுக்குள் சுருண்டு கிடக்கும் ஒரு மெல்லிய பட்டை, ஃப்ளெக்ஸ் என்போம். ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அது வளைகிறது. அது நைய ஆரம்பித்தால் முதலில் ஒரு குறிப்பிட்ட சாய்வில் மட்டும் படம் நடுங்கும், அப்புறம் பாதி திறந்தால் தெரியும், முழுக்கத் திறந்தால் வெள்ளையடிக்கும். சில சமயம் படம் நன்றாக இருக்கும், காதில் மட்டும் சத்தம் விட்டுவிட்டு வரும். அதை சிக்னல் கோளாறு என்று நினைத்து சிம் மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்பீக்கரில் போட்டுப் பாருங்கள், பல மாடல்களில் பெரிய ஸ்பீக்கர் கீழ்ப்பாதியில்தான் இருக்கும். அதில் சரியாகக் கேட்டு காதில் கேட்கவில்லையென்றால் எனக்கு முதல் சந்தேகம் கீல் மேல்தான். பட்டை ஒன்றும் பெரிய பொருள் இல்லை, ஆனால் அதை மாற்ற மேல்பாதி முழுவதையும் பிரிக்க வேண்டும், பிரிக்கும்போது பிளாஸ்டிக் கொக்கி ஒன்றாவது உடையும், அதற்கப்புறம் மூடி பழைய மாதிரி டப்பென்று மூடாது.

மூடினால் அழைப்பு எப்படிக் கட்டாகிறது தெரியுமா? இப்போது வரும் போன்களில் அது பட்டன் இல்லை. ஒரு பாதியில் கடுகு மாதிரிக் காந்தம், எதிர்ப்பாதியில் அதை உணரும் ஹால் சென்சார். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டும் நானே ஏமாந்தேன். காந்தம் வைத்த டேப்லெட் உறை மேல் போனைத் திறந்தபடி வைத்து ஸ்பீக்கரில் பேசிக்கொண்டிருந்தேன், பேச்சு பாதியில் கட்டாகிக்கொண்டே இருந்தது, மூன்றாவது தடவை எதிராளி கோபித்துக்கொண்டார். போன் தன்னை மூடிவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தது. காந்தப் பொத்தான் வைத்த பை, மேசை எல்லாவற்றையும் கொஞ்சம் கவனியுங்கள்.

பேட்டரியைக் கையால் கழற்ற முடியும் என்றால் இப்போதே இன்னொன்று வாங்கி வையுங்கள் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான் பாதிதான் ஒத்துக்கொள்வேன். லித்தியம் பேட்டரி டப்பாவில் சும்மா இருந்தாலும் கிழடாகும். வாங்கினால் பாதி சார்ஜில் குளிர்ச்சியான இடத்தில் வைத்து, இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுங்கள். பின்மூடி லேசாக உப்பித் தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள், ரப்பர் பேண்ட் போட்டு ஓட்டுகிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம்.

எடை என்றதும் ஒன்று ஞாபகம் வந்தது. 1996-ல் மோட்டோரோலா ஸ்டார்டாக் வந்தபோதே 88 கிராம்தான். 2004-ல் வந்த ரேசர் வி3 95 கிராம், தடிமன் 13.9 மில்லிமீட்டர், ஒரே உலோகத் தகட்டில் வெட்டிய கீபேட், அதைத் திறந்து வைத்துக்கொண்டு நடந்தவர்களின் தோரணையே தனி. 2019-ல் வந்த நோக்கியா 2720 ஃப்ளிப் 118 கிராம். இருபது வருடத்தில் போன் இளைக்கவில்லை, கொஞ்சம் சதை போட்டிருக்கிறது. பெரிய திரை, 4ஜி-க்குத் தேவையான பெரிய பேட்டரி, வயதானவர்களுக்கென்று அகலமாக்கிய பட்டன் எல்லாம் சேர்ந்து. அதனால் உங்கள் 112 கிராம் இன்றைய கணக்கில் ஒல்லிதான், ஸ்டார்டாக் முன்னால் வைத்தால் இல்லை.

கூடத்துக்குருவி எழுதியது:

மூடிவை அண்ணா, எஸ்எம்எஸ் உடைவதற்கு உங்கள் போன் மேல் தப்பு இல்லை, தமிழ் எண்ணப்படுகிற விதம் அப்படி. நானும் இதே கடுப்பில்தான் ஒரு நாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன்.

ஒரு எஸ்எம்எஸ்ஸில் மொத்தம் 140 பைட் இடம். ஆங்கில எழுத்தை ஏழு பிட்டில் சுருக்கி அடைப்பதால் 160 எழுத்து பிடிக்கிறது. தமிழைப் போன்கள் வழக்கமாக அப்படிச் சுருக்குவதில்லை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பைட், ஆக 70. இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். அடுத்ததுதான் வலிக்கும். நாம் ஒரே எழுத்தாகப் பார்ப்பதை அது இரண்டாக எண்ணும். 'கி' என்றால் 'க' ஒன்று, கொக்கி ஒன்று. 'ன்' என்றால் 'ன' ஒன்று, புள்ளி ஒன்று. "நான் கிளம்பிவிட்டேன்" என்று தட்டிப் பாருங்கள், கண்ணுக்குப் பத்து எழுத்து, நடுவில் இருக்கும் இடைவெளியையும் சேர்த்து 20 ஆகிவிடும். 'ஸ்ரீ' ஒரே வடிவமாகத் தெரிந்தாலும் நாலு! ஆக 70 என்பது நம் கணக்கில் ஏறக்குறைய 35, 40 எழுத்துதான். அதைத் தாண்டினால் துண்டுகளாகப் போகும், துண்டுகளை வரிசைப்படுத்தும் குறிப்புக்கும் இடம் வேண்டுமே, அதனால் ஒரு துண்டுக்கு 67 தான் மிச்சம். வாங்குகிற போன் அந்தக் குறிப்பைப் பார்த்து ஒட்டிக் காட்ட வேண்டும், ஏதோ ஒன்று தாமதமானால் உங்கள் நண்பருக்கு நடந்த மாதிரி வால் முதலில் வந்துவிடும்.

இன்னொரு கூத்து, ஆங்கில எழுத்தில் நீளமாகத் தட்டிவிட்டுக் கடைசியில் ஒரே ஒரு தமிழ் எழுத்தோ ஒரு சிரிப்பு முகமோ சேர்த்தால் மொத்தச் செய்தியும் 70 கணக்குக்கு மாறிவிடும். அதனால் நான் செய்வது இதுதான்: "எட்டு மணி", "வந்தாச்சு", "கூப்பிடு" என்று தந்தி பாணியில் தமிழ். அதற்கு மேல் சொல்ல இருந்தால் கூப்பிட்டுவிடுவேன். போன் திறந்துதானே இருக்கிறது. அடிக்கடி அனுப்பும் ஏழெட்டு வாக்கியங்களைப் போனிலேயே டெம்ப்ளேட்டாகச் சேமித்து வைக்கலாம், பல மாடல்களில் மெசேஜ் மெனுவுக்குள் எங்கோ ஒளிந்திருக்கும்.

பெயர்கள் குப்பையானதற்குக் காரணம் பெரும்பாலும் விசிஎஃப் கோப்பின் (முகவரிப் பட்டியலை ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்கு எடுத்துப்போகும் கோப்பு) பழைய வடிவம். அதில் தமிழ் எழுத்தைச் சமக்குறி போட்ட எண்களாக மாற்றி எழுதுவார்கள், படிக்கிற போன் அதைத் திரும்ப எழுத்தாக்கத் தெரியாமல் அப்படியே காட்டிவிட்டது. டச் போனிலிருந்து நேராக அனுப்பாமல், கணினியில் முகவரிப் பட்டியலைத் திறந்து அங்கிருந்து விசிஎஃப்பாக ஏற்றுமதி செய்து புளூடூத்தில் அனுப்பிப் பாருங்கள், எனக்கு அப்படித்தான் சரியாக வந்தது. சிம்மில் ஏற்றும் வழியும் உண்டு, ஆனால் சிம்மில் வழக்கமாக 250 பெயர்தான் கொள்ளும், ஒரு பெயருக்கு ஒரு எண், நீளமான பெயராக இருந்தால் பாதியில் வெட்டிவிடும். என் சிம்மில் மூன்று "கிருஷ்ண" இருக்கிறார்கள், கூப்பிட்ட பிறகுதான் மூர்த்தியா குமாரா என்று தெரியும்.

சதுரம் சதுரமாக வந்தால் அது வேறு நோய், போனில் தமிழ் எழுத்துருவே இல்லை என்று பொருள். அதற்கு மருந்து எனக்குத் தெரிந்து இல்லை.

மூடிவை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி, கூடத்துக்குருவிக்கு இரண்டு மடங்கு. "நான் கிளம்பிவிட்டேன்" என்பதை நானும் விரல்விட்டு எண்ணினேன், 20 தான். இத்தனை நாளாக மெய்யெழுத்துக்கு மேல் வைக்கிற புள்ளிக்கெல்லாம் தனிக் கணக்கு என்று யாருக்குத் தெரியும்!

ராத்திரிஷிப்ட் சொன்ன சோதனையை இப்போதே செய்தேன். பேச ஆரம்பித்ததும் 4ஜி மறைந்து 2ஜி வந்துவிட்டது. செட்டிங்ஸில் நாலு மெனு உள்ளே போய்த் தேடினால் வோல்ட்டி அணைந்தே இருக்கிறது. பெட்டியிலிருந்து எடுத்ததிலிருந்து அப்படித்தான் போலிருக்கிறது. இயக்கிவிட்டேன், இப்போது பேசும்போதும் 4ஜி நிற்கிறது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு வந்து சொல்கிறேன்.

அப்புறம், கீல்பழுது அண்ணா, கட்டைவிரலால் சுண்டித்தான் திறந்துகொண்டிருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கீல்பழுது எழுதியது:

எல்லோரும் அப்படித்தான் திறப்பார்கள் தம்பி, அதற்காகத்தானே அதை வாங்குகிறார்கள். இரண்டு கையால் திற.

பழைய ரிங்டோன் எழுதியது:

சம்பந்தம் இல்லாமல் ஒரு வரி. 2ஜி என்றதும் ரேடியோவில் வருமே ஒரு "டிகிடிக் டிகிடிக்", அந்தச் சத்தம் ஞாபகம் வந்துவிட்டது. போன் வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கர் அதைப் பிடித்துக்கொள்ளும். மணி அடிப்பதற்கு ஒரு நொடி முன்பே வீட்டில் எல்லோரும் போனைத் தேட ஆரம்பிப்போம். வோல்ட்டியில் அது போச்சு.

மூடிவை எழுதியது:

சொன்னபடி வந்துவிட்டேன், இன்று 45-வது நாள். வோல்ட்டி இயக்கியதிலிருந்து ஸ்விட்ச் ஆஃப் புகார் ஒன்றே ஒன்றுதான், அதுவும் அன்றைக்கு உண்மையிலேயே சார்ஜ் தீர்ந்திருந்தது.

அலுவலகத்தில் கேட்டேன். தேடிப் பிடித்து சாவிக்கொத்துக் கருவி ஒன்று கொடுத்தார்கள், "இதைக் கேட்டு ஆள் வந்து ரொம்ப நாளாச்சு" என்றார் கொடுத்தவர். டச் போன் டிராயரிலிருந்து அலமாரிக்கு ஏறிவிட்டது, சிம் இல்லாமல். காலையில் ஒரு தடவை, இரவு ஒரு தடவை நின்றுகொண்டே பார்க்கிறேன். உட்கார்ந்து பார்த்தால் அரைமணி போய்விடுகிறது, நின்றால் கால் வலிக்கிறது, வந்துவிடுகிறேன். பெயர்களைக் கணினி வழியாக ஏற்றியதும் தமிழ் ஒழுங்காக வந்துவிட்டது, ஆனால் எனக்கு வந்து சேர்ந்த வரிசைதான் விசித்திரம், அப்பா 'அ'-வில் இல்லாமல் ஆங்கிலப் பெயர்களுக்கெல்லாம் கீழே எங்கோ கிடக்கிறார். ஒரு பட்டனை அழுத்திப் பிடித்தால் போகும்படி வைத்துவிட்டேன், 2 அப்பா, 3 அம்மா, 4 தங்கை.

நொச்சி சொன்னதை வைத்துத் தங்கையிடம் நேராகவே கேட்டேன், உனக்கு என்னால் வேலை கூடியிருக்கிறதா என்று. உடனே ஒரு பட்டியல் வந்தது, தயாராக வைத்திருந்தாள் போலிருக்கிறது. பேசி முடிவானது: குழுவில் வருவதை அவள் இனிமேல் எனக்கு ஒப்பிக்க மாட்டாள், நான் இரவில் பார்க்கவில்லையென்றால் அது என் பாடு. வழி மட்டும் இரண்டு பேரும் சேர்ந்து போகும்போது அவளே பார்ப்பாள், பதிலுக்கு அவளுடைய பவர் பேங்க்கை நான் சுமக்க வேண்டும். அது 340 கிராம். தராசில் வைத்துப் பார்த்துவிட்டேன்.

இன்னும் ஒரு சந்தேகம்தான் பாக்கி. 8-ஆம் பட்டன் சில நாளாக அழுத்தினால் இரண்டு முறை விழுகிறது. கீலா இது?

கீல்பழுது எழுதியது:

கீல் இல்லை. பட்டனுக்கு அடியில் இருக்கும் உலோகக் குமிழில் தூசியோ பிசுக்கோ சேர்ந்திருக்கும். அணைத்து, பேட்டரியைக் கழற்றி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட காது பஞ்சுக் குச்சியால் பட்டன் ஓரத்தைச் சுற்றித் துடை, பஞ்சு சொட்டக் கூடாது. காய்ந்ததும் நாற்பது ஐம்பது தடவை அழுத்து. அப்படியும் இரண்டாக விழுந்தால் எழுது.